கேட்டது 10, விதித்தது 15: நெயாகவா குழந்தை மரண வழக்கும் அதன் மேல்முறையீடுகளும்

ஜப்பானின் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் 2012 மார்ச் 21 அன்று ஒரு தம்பதிக்குத் தலா 15 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. பெற்ற மகளை, ஒரு வயது எட்டு மாதக் குழந்தையை, அடித்து அதன் உயிர் போகக் காரணமானார்கள் என்பது குற்றச்சாட்டு. அரசுத் தரப்பு கேட்டிருந்ததோ தலா 10 ஆண்டுதான். உயர் நீதிமன்றம் அந்த 15 ஆண்டைக் கை வைக்காமல் விட்டது. 2014 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளையும் ரத்து செய்து, தந்தைக்கு 10 ஆண்டு, தாய்க்கு 8 ஆண்டு என்று தானே தண்டனையை நிர்ணயித்தது.

மூன்று நீதிமன்றங்களிலும் இவர்கள் குற்றவாளிகள்தான். ஆனாலும் ஜப்பானியச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் பாடமாகப் படிக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் தண்டனையின் அளவை யார், எந்த அடிப்படையில் நிர்ணயிப்பது என்ற கேள்விதான். சாதாரணக் குடிமக்கள் ஆறு பேர் நீதிபதிகளோடு சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுத்த வழக்கு இது. எனவே, ‘பொதுமக்கள் உணர்ச்சிவசப்பட்டார்கள், அனுபவசாலிகள் திருத்தினார்கள்’ என்று ஒரே வரியில் இதைச் சுருக்கிவிடுவது எளிது. தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நடந்தது என்ன

ஒசாகா மாநகரத்துக்கு அருகில் உள்ள நெயாகவா நகரில் ஒரு வீடு. தம்பதிக்கு இது மூன்றாவது மகள். நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட உண்மைகளின்படி, தாயும் தந்தையும் இந்தக் குழந்தையை வெவ்வேறு நேரங்களில் தொடர்ந்து அடித்துவந்தார்கள். ஒருவர் அடிப்பது மற்றவருக்குத் தெரியும். தெரிந்தும் தடுக்கவில்லை. பேசி வைத்துக்கொண்டு செய்த சதி என்று எதுவும் இல்லை. ஆனால் இருவரும் பரஸ்பரம் அறிந்து, கண்டும் காணாமல் ஒப்புக்கொண்டு வாழ்ந்ததே கூட்டுச் சதி ஆகிவிட்டது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

2010 ஜனவரி 27, நள்ளிரவு. தந்தை குழந்தையின் முகமும் தலையும் சேர்ந்த பகுதியில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டார். குழந்தையின் தலை தரையில் மோதியது. மூளை உறைக்குக் கீழே இரத்தம் கசிந்து கட்டியது. 39 நாட்கள் மருத்துவமனையில் கிடந்து, மார்ச் 7 அன்று குழந்தை இறந்துபோனது.

குற்றப்பிரிவு கொலை அல்ல. காயப்படுத்தி மரணம் விளைவித்தல். கொல்லும் எண்ணம் இருந்ததாக அரசுத் தரப்பே சொல்லவில்லை. இந்தப் பிரிவுக்கு ஜப்பானியச் சட்டம் வகுத்திருக்கும் தண்டனை மூன்று ஆண்டில் தொடங்கி 20 ஆண்டு வரை. 2005-க்கு முன் இது இரண்டிலிருந்து 15 வரையாக இருந்தது. 17 ஆண்டு இடைவெளி உள்ள இந்தச் சட்டத்தில், ஒரு வழக்கை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது முழுக்க நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. மதுக்கடைச் சண்டையில் ஒருவரைத் தள்ளிவிட்டு அவர் கல்லில் மோதி இறந்தாலும் இதே பிரிவுதான். பச்சைக் குழந்தையை மாதக்கணக்கில் அடித்துவந்து ஒருநாள் அது இறந்தாலும் இதே பிரிவுதான்.

ஆறு பேரும் மூன்று பேரும்

ஜப்பானில் 2009 மே 21 முதல் கடும் குற்ற வழக்குகளில் குடிமக்கள் நீதிபதிகள் முறை நடைமுறைக்கு வந்தது. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கலில் தேர்வாகும் ஆறு பேர், மூன்று தொழில்முறை நீதிபதிகளோடு ஒரே மேடையில் அமர்வார்கள். அமெரிக்க ஜூரியைப் போலக் குற்றவாளியா இல்லையா என்று மட்டும் சொல்லிவிட்டு இவர்கள் எழுந்து போவதில்லை. தண்டனை எத்தனை ஆண்டு என்பதையும் ஒன்பது பேரும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள்.

இங்கே வாக்கு எண்ணும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வழக்கைப் பற்றிய பேச்சுகளில் அது அடிக்கடி விட்டுப்போகிறது. ஒன்பது பேரில் ஐந்து பேரின் ஆதரவு வேண்டும். அந்த ஐந்தில் குறைந்தது ஒரு தொழில்முறை நீதிபதியாவது இருக்க வேண்டும். தண்டனை விஷயத்தில் கருத்துகள் சிதறினால், மிகக் கடுமையான எண்ணைச் சொன்னவர்களின் வாக்குகளை அதற்கு அடுத்த எண்ணைச் சொன்னவர்களின் வாக்குகளோடு கூட்டிக்கொண்டே கீழே இறங்குவார்கள். ஒரு நீதிபதியும் உள்ளடங்கிய பெரும்பான்மை எந்த எண்ணில் அமைகிறதோ அதுவே தண்டனை. ஆக, ஆறு குடிமக்களும் ஒரே குரலில் 15 என்று முழங்கியிருந்தாலும், மூன்று நீதிபதிகளில் ஒருவராவது 15-க்கோ அதற்கு மேலோ கை தூக்காமல் அந்தத் தண்டனை பிறந்திருக்க முடியாது. தீர்ப்பை எழுதியவர்களும் நீதிபதிகள்தான். குடிமக்கள் யாரும் எழுதுகோலைத் தொடுவதில்லை.

கலந்தாய்வு அறையில் யார் என்ன சொன்னார் என்பது வெளியே வரவும் வராது. குடிமக்கள் நீதிபதிகள் அதை வெளியிட்டால் ஆறு மாதச் சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம் என்று சட்டம் மிரட்டி வைத்திருக்கிறது. தங்கள் தீர்ப்பு மேலே போய் ரத்தான பிறகு, ‘நாங்கள் ஏன் அப்படி முடிவெடுத்தோம் தெரியுமா’ என்று விளக்க அந்த ஆறு பேருக்கு வாயில்லை. அவர்கள் சார்பில் பேசக்கூடியது தீர்ப்பின் எழுத்து ஒன்றுதான். அந்த எழுத்து எப்படி இருந்தது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

ஒசாகா எழுதிய காரணங்கள்

மாவட்ட நீதிமன்றம் முதலில் குற்றத்தின் கனத்தை எடைபோட்டது. பெற்றோரே குழந்தையை வதைத்துக் கொன்றதன் பொறுப்பு மிகப் பெரியது; தாக்கிய விதம் மிகுந்த ஆபத்தானது; விளைவு மீளமுடியாதது; இதன் பின்னணியில், சுயநலமான காரணங்களுக்காகக் குழந்தையைப் பராமரிக்காமல் விட்டதும் வழக்கமாகவே அடித்துவந்ததும் இருக்கின்றன; தாய்க்கும் தந்தைக்கும் பொறுப்பில் ஏற்றத்தாழ்வு இல்லை.

பிறகு குற்றவாளிகளின் நடத்தையைப் பார்த்தது. சீரழிந்த வாழ்க்கைமுறை, செய்த குற்றத்தை நேருக்கு நேர் எதிர்கொள்ளாத மனப்பான்மை. அதோடு இன்னொன்று. அதற்கு முன் குழந்தை மீது விழுந்த அடிகளுக்கான பொறுப்பில் ஒரு பங்கை அவர்கள் தங்கள் இரண்டாவது மகள் மீது சுமத்தப் பார்த்தார்கள். அப்போது அவளுக்கு மூன்று வயது. நீதிமன்ற மொழி எவ்வளவு வறட்சியாக இருந்தாலும் இந்த இடத்தில் எழுதியவரின் பல் நறநறப்பது கேட்கிறது. தங்கையை இழந்த மூன்று வயதுப் பிள்ளை, தாய் தந்தையின் வழக்கில் பழியேற்க ஆளாக நிறுத்தப்பட்டிருக்கிறாள். 15 ஆண்டுக்குப் பின்னால் இருந்த கோபத்தின் ஊற்று இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இதுவரை ஏற்கத்தக்கதே. அடுத்த படியில்தான் தீர்ப்பு சறுக்கியது. அரசுத் தரப்பு கேட்ட பத்தைத் தாண்டி ஐந்து ஆண்டு கூட்டியதற்கு நீதிமன்றம் சொன்ன காரணங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். நீண்ட காலம் குழந்தையைக் கவனிக்காமல் விட்ட கொடுமையையும், இரண்டாவது மகள் மீது பழி போட்ட மனப்பான்மையையும் அரசுத் தரப்பு போதிய அளவு மதிப்பிடவில்லை என்றது. முந்தைய தண்டனைகளின் தரவுத்தளத்தை நம்ப முடியாது என்றது. குழந்தை வதைத் தடுப்புக்கான அண்மைச் சட்டத் திருத்தங்களையும் சமூகச் சூழலையும் பார்த்தால், இத்தகைய குற்றங்களுக்கு இதுவரை இல்லாத அளவு கடுமையான தண்டனை கொடுப்பதே பொருந்தும் என்றது. சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பை ஒட்டிய தண்டனையே தக்கது என்று முடித்தது.

தரவுத்தளம் பற்றிய வாதம் சுவாரசியமானது. குடிமக்கள் நீதிபதிகள் முறைக்காக ஜப்பானிய நீதிமன்றங்கள் ஒரு தேடல் ஏற்பாட்டை உருவாக்கி வைத்திருக்கின்றன. குற்றப்பிரிவு, ஆயுதம் உண்டா, பலியானவர் யார், உறவு என்ன என்றெல்லாம் உள்ளீடு செய்தால், அதே வகை வழக்குகளில் எத்தனை பேருக்கு எத்தனை ஆண்டு கிடைத்தது என்பது பட்டை வரைபடமாகத் திரையில் எழும். நீதிபதிகள் அதைக் கலந்தாய்வில் குடிமக்களுக்குக் காட்டுவார்கள். ஒசாகா சொன்னது இதுதான்: இதில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை குறைவு, தண்டனையை முடிவுசெய்தபோது கணக்கில் எடுத்த அம்சங்கள் எல்லாம் இதில் பதிவாவதில்லை, ஆகவே பழைய தண்டனைகள் சரியா தவறா என்று சோதிக்கவும் முடியாது, இந்த வழக்கோடு துல்லியமாக ஒப்பிடவும் முடியாது.

உண்மையில் இது வலுவான குற்றச்சாட்டு. வீட்டுக்குள் நடக்கும் குழந்தை மரணங்களைப் பழைய நீதிமன்றங்கள் குடும்பத் துயரமாகப் பார்த்துக் கைவிரல் எண்ணிக்கையில் ஆண்டுகளைக் கொடுத்திருந்தால், அந்தப் பட்டை வரைபடம் காட்டுவது அந்தப் பார்வையைத்தான். ஆனால் ஒசாகா இந்த வாதத்தை நடுவழியில் விட்டுவிட்டது. படம் நம்பத்தகாதது என்று சொல்வதிலிருந்து 15 என்ற எண் எப்படிக் கிடைத்தது? ஏன் 12 இல்லை, ஏன் 18 இல்லை? பராமரிப்பின்மை எவ்வளவு காலம், எந்த விதத்தில், அது இந்த ஒரே அறையின் பொறுப்பை எவ்வளவு கூட்டுகிறது? அதைப் படிப்படியாக எழுதியிருந்தால் மேல் நீதிமன்றம் இவ்வளவு எளிதாகக் கலைத்திருக்காது.

உயர் நீதிமன்றம் நழுவிய விதம்

தம்பதி இருவரும் மேல்முறையீடு செய்தார்கள். ஜப்பானில் மேல்முறையீட்டில் குடிமக்கள் கிடையாது. தொழில்முறை நீதிபதிகள் மட்டுமே. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் மேலே போன வழக்கில் தண்டனையைக் கூட்டவும் முடியாது. ஆக இருந்த வழி இரண்டு: குறைக்கலாம், அல்லது அப்படியே விடலாம்.

2013 ஏப்ரல் 11 அன்று ஒசாகா உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கீழ் நீதிமன்றத்தின் மதிப்பீடுகள் தவறு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. சட்டம் வகுத்த அகன்ற வரம்புக்குள் இந்த வழக்கை எங்கே வைப்பது என்பதில் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்டு. 15 ஆண்டு அந்தச் சுதந்திரத்துக்குள் அடங்குகிறது. இவ்வளவுதான் அதன் சாரம்.

இந்த அடக்கத்துக்கு ஒரு பின்னணி இருக்கிறது. அதற்கு ஓராண்டுக்கு முன், 2012 பிப்ரவரி 13 அன்று, உச்ச நீதிமன்றத்தின் முதலாம் சிற்றமர்வு ஒரு முக்கியத் தீர்ப்பு கொடுத்திருந்தது. மலேசியாவிலிருந்து நரிதா விமான நிலையத்துக்குச் சாக்லேட் டப்பாக்களில் போதைப்பொருள் வந்த வழக்கு அது. சிபா மாவட்ட நீதிமன்றத்தில் குடிமக்கள் நீதிபதிகள் விடுதலை செய்த ஒருவரை டோக்கியோ உயர் நீதிமன்றம் குற்றவாளி என்றது. உச்ச நீதிமன்றம் விடுதலையை மீட்டுக்கொடுத்தது. கீழே முடிவானது தர்க்கத்துக்கோ அனுபவ அறிவுக்கோ முரணானது என்று காட்டாமல், ‘எங்களுக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது’ என்று மேல் நீதிமன்றம் மாற்றி எழுதக் கூடாது என்பது அதன் நெறி. அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஷிராகி யூ தனியாக ஒரு துணைக் கருத்தும் எழுதினார். குடிமக்கள் பங்கேற்கும் வழக்குகளில் உண்மைகளை முடிவுசெய்வதிலும் தண்டனையிலும் ஓரளவு அகலத்தை அனுமதிக்க வேண்டும் என்றார் அதில்.

இதைப் படித்த எந்த உயர் நீதிமன்றமும் கையைக் கட்டிக்கொள்ளத்தான் செய்யும். இருந்தாலும், கையைக் கட்டிக்கொள்வதற்கும் கேள்வியே கேட்காமல் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. கேட்டதைப் போல் ஒன்றரை மடங்கு தண்டனை என்பது ஜப்பானில் சாதாரணச் செய்தி அல்ல. அரசுத் தரப்பு கேட்ட அளவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அதைவிடச் சற்றுக் குறைத்துக் கொடுப்பதுதான் அங்கே நெடுநாள் வழக்கம். அதற்கு மேல் ஐந்து ஆண்டு கூடியிருக்கும்போது, காரணம் போதுமா என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டாமா?

2014 ஜூலை 24

உச்ச நீதிமன்றத்துக்குப் போக ஜப்பானில் வாசல் குறுகலானது. அரசமைப்பு மீறல், முன்தீர்ப்போடு முரண் ஆகியவைதான் முறையான காரணங்கள். தண்டனை அதிகம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைய முடியாது. தம்பதியின் வழக்கறிஞர்கள் முன்வைத்த வாதங்களையும் நீதிமன்றம் முறையான காரணங்களாக ஏற்கவில்லை. ஆனால் தண்டனை மிகவும் பொருந்தாததாகவும், அதை அப்படியே விட்டால் நீதிக்கு வெளிப்படையாக முரணாகவும் இருந்தால், நீதிமன்றம் தானாகவே முன்வந்து ரத்து செய்யலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு சொல்கிறது. மிக அரிதாகவே திறக்கும் அந்தக் கதவைத்தான் முதலாம் சிற்றமர்வு திறந்தது. ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக.

தீர்ப்பின் முதல் பாதி குடிமக்களுக்குச் சாதகமாகவே படிக்கக் கிடைக்கிறது. முன்தீர்ப்புகளின் தொகுப்பு தன்னளவில் சட்டம் ஆகிவிடாது, அது ஓர் அளவுகோல். குடிமக்களின் பார்வையைக் கொண்டுவரத்தான் இந்த முறையே வந்தது. எனவே பழைய தண்டனைப் போக்கு மாறக்கூடும் என்பது தொடக்கத்திலேயே எதிர்பார்த்ததுதான். போக்கை மாற்றும் நோக்கத்தோடே தண்டனை விதிப்பதும்கூடத் தவறு என்று உடனே சொல்லிவிட முடியாது.

பிறகு வருகிறது ‘ஆனால்’. குடிமக்கள் பங்கேற்றாலும் தண்டனை மற்ற வழக்குகளோடு ஒப்பிடும்போது நியாயமாக இருக்க வேண்டும். பழைய போக்கை இந்த வழக்கில் அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்றால், ஏன் கூடாது என்பதை நீதிமன்றம் திட்டவட்டமாகவும் ஏற்கச் செய்யும் வகையிலும் எழுதியாக வேண்டும். ஒசாகா சுட்டிய சமூகச் சூழல், சட்டத் திருத்தம் போன்றவை இந்த ஒரு வழக்கின் தண்டனையை இவ்வளவு ஏற்றுவதற்குப் போதுமான விளக்கம் ஆகவில்லை. அரசுத் தரப்பு குறைத்து மதிப்பிட்டது என்ற குற்றச்சாட்டுக்கும் ஆதாரம் எழுதப்படவில்லை. பொதுநலனின் பிரதிநிதியான அரசுத் தரப்பு கேட்டதை வெகுவாகத் தாண்டிய 15 ஆண்டு நிற்காது.

ஷிராகி யூ இங்கேயும் துணைக் கருத்து எழுதினார். 2012-இல் ‘அகலம் வேண்டும்’ என்றவர், 2014-இல் அந்த அகலத்துக்குக் கரை கட்டினார். அவருடைய பேச்சு முழுக்கத் தொழில்முறை நீதிபதிகளை நோக்கியே இருந்தது. தண்டனைப் போக்கு என்றால் என்ன, அது ஏன் தேவை, நியாயம் என்பது அதோடு எப்படிப் பின்னியிருக்கிறது என்று கலந்தாய்வில் குடிமக்களுக்குப் புரியவைப்பது நீதிபதிகளின் கடமை என்றார். எனக்கு இதுதான் தீர்ப்பின் மிக நேர்மையான பகுதியாகப் படுகிறது. தவறு எங்கே நடந்தது என்பதை அவர் பெயர் சொல்லாமல் சுட்டிவிட்டார்.

உச்ச நீதிமன்றம் தானே எழுதிய 10-உம் 8-உம்

காரணம் எழுது என்று கேட்டது சரி. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஒருவரை ஐந்து ஆண்டு கூடுதலாகச் சிறையில் வைக்கிற அரசு, ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அவர் செய்தது எவ்வளவு அருவருப்பானதாக இருந்தாலும்.

அடுத்து நடந்ததுதான் உறுத்துகிறது. உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். புதிய ஆறு பேர், புதிய மூன்று பேர், தரவுத்தளத்தை ஒழுங்காக விளக்கிக்கொண்டு, போக்கைத் தாண்டுவதென்றால் ஏன் என்று எழுதிக்கொண்டு, மறுபடி தீர்மானித்திருக்கலாம். 15 ஆண்டின் குறை போதிய காரணம் எழுதாததுதான் என்றால், எழுத இன்னொரு வாய்ப்பு கொடுப்பதே இயல்பான பரிகாரம். ஐந்து தொழில்முறை நீதிபதிகளோ, ஆவணங்களை வைத்தே முடிவெடுக்கலாம் என்று தாங்களே எண்களை எழுதிவிட்டார்கள்.

எழுதிய எண்களுக்கு விளக்கமும் மிகச் சுருக்கம். தாய் அன்றிரவு கை ஓங்கவில்லை என்பதைக் கணக்கில் எடுத்து இரண்டு ஆண்டு குறைத்தது. கீழ் நீதிமன்றம் இதையே யோசித்து, இருவர் பொறுப்பிலும் வேறுபாடு இல்லை என்று முடிவு செய்திருந்தது. அதற்கும் ஒரு தர்க்கம் உண்டு: இருவரும் மாறி மாறி அடித்த வீட்டில், கடைசி அடி யாருடையது என்பது அன்றைய இரவின் தற்செயல். எதிர்த் தரப்புக்கும் தர்க்கம் உண்டு: உயிரைக் கொண்டுபோன அடியை அடித்தவருக்கும் அடிக்காதவருக்கும் ஒரே தண்டனை என்றால், செயலுக்கேற்ற பொறுப்பு என்ற ஜப்பானியக் குற்றவியலின் அடித்தளம் தளர்ந்துவிடும். இரண்டில் எது சரி என்று வாதிடலாம். ஆனால் திட்டவட்டமாக எழுதவில்லை என்று ஒசாகாவைக் கண்டித்த அதே தீர்ப்பு, தன் எட்டை விளக்க எடுத்துக்கொண்ட இடம் சில வரிகள்தான்.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. தந்தைக்குக் கிடைத்த 10, அரசுத் தரப்பு கேட்ட முழு அளவு. வழக்கமான குறைப்பு எதுவும் இல்லை. குற்றத்தின் கொடுமையை உச்ச நீதிமன்றமும் உணர்ந்தே இருந்தது. ஆனால் அதன் உச்சவரம்பை நிர்ணயித்தது அரசுத் தரப்பின் எண்தான்.

பிறகு வந்த வழக்குகள்

அடுத்த ஆண்டே, 2015 பிப்ரவரி 3 அன்று, குடிமக்கள் நீதிபதிகள் விதித்த இரண்டு மரண தண்டனைகளை டோக்கியோ உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்ததை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நியாயம் அதே: முந்தைய வழக்குகளோடு சமன்.

குழந்தை வதை வழக்குகளில் இந்த நெறியின் நிழலை இரண்டு இடங்களில் தெளிவாகப் பார்க்கலாம். டோக்கியோவின் மெகுரோ பகுதியில் 2018 மார்ச்சில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி பட்டினியாலும் அடிகளாலும் இறந்தாள். மன்னித்துவிடும்படி பெற்றோரிடம் கெஞ்சி அவள் பிஞ்சுக் கையால் எழுதிய குறிப்புகள் நாட்டையே உலுக்கின. வளர்ப்புத் தந்தைக்கு 18 ஆண்டு கேட்டது அரசுத் தரப்பு. 2019 அக்டோபரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 13 கொடுத்தது. இதே வகை வழக்குகளில் இது மிகக் கனமான பிரிவைச் சேர்ந்தது, ஆனால் அந்தப் போக்கைத் தாண்டி வெளியே அடியெடுத்து வைக்க அடிப்படை கிடைக்கவில்லை என்றது. 2014-இன் சொற்கள் அப்படியே எதிரொலிக்கின்றன. தாய்க்குக் கேட்டது 11, கிடைத்தது 8. கணவரின் மனரீதியான அடக்குமுறையில் சிக்கியிருந்தார் என்று அவர் தரப்பு வாதாடியது. அந்தப் பாதிப்பை நீதிமன்றம் ஓரளவு ஏற்றாலும், இறுதியில் அவர் தம் சொந்த முடிவின்படியே நடந்தார் என்றது. 2020 செப்டம்பரில் டோக்கியோ உயர் நீதிமன்றம் அவர் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

அடுத்தது சிபா மாகாணத்தின் நோடா நகரம். நான்காம் வகுப்பு படித்த பத்து வயதுச் சிறுமி 2019 ஜனவரி 24 அன்று வீட்டுக் குளியலறையில் இறந்தாள். அப்பா அடிக்கிறார், ஏதாவது செய்ய முடியுமா டீச்சர் என்று பள்ளியின் கருத்துக்கேட்புத் தாளில் ஏற்கெனவே எழுதியிருந்தாள். நகரக் கல்விக் குழு அந்தத் தாளின் நகலை அந்த அப்பாவிடமே கொடுத்திருந்தது. 2020 மார்ச் 19 அன்று சிபா மாவட்ட நீதிமன்றம் தந்தைக்கு 16 ஆண்டு விதித்தது. கேட்டது 18. இந்த முறை நீதிமன்றம் தயங்கவில்லை: இதுவரை மிகக் கனமானவையாக இருந்த வழக்குகளையும் தாண்டிய கொடுமை இது என்று சொல்லியே விதித்தது. தந்தையின் மேல்முறையீட்டை டோக்கியோ உயர் நீதிமன்றம் 2021 மார்ச் 4 அன்று தள்ளுபடி செய்தது. தாய்க்கு, உடந்தைக் குற்றத்துக்காக, இரண்டரை ஆண்டு. அதுவும் ஐந்து ஆண்டு நிறுத்திவைப்போடு. அவரும் அதே கணவரிடம் அடி வாங்கியவர்.

இந்த இரண்டு மரணங்களுக்குப் பின் சட்டமும் நகர்ந்தது. பெற்றோர் உடல்ரீதியாகத் தண்டிப்பதைத் தடைசெய்யும் திருத்தம் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கண்டித்து வளர்க்கும் உரிமையைப் பெற்றோருக்குக் கொடுத்திருந்த குடியியல் சட்டப் பிரிவு 2022 டிசம்பரில் நீக்கப்பட்டது. 2012-இல் ஒசாகா தெளிவில்லாமல் சுட்டிய சமூகச் சூழல், பத்தாண்டுக்குள் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

நெயாகவா நெறியின்படி ஒசாகாவுக்கு எதிரே இரண்டு வேலிகள் இருந்தன: முந்தைய போக்கு, அரசுத் தரப்பு கேட்ட அளவு. சிபா நீதிமன்றம் முதல் வேலியைக் காரணம் எழுதித் தாண்டியது. இரண்டாவதை அது தாண்ட வேண்டிய தேவையே வரவில்லை, ஏனென்றால் கேட்ட அளவே 18 ஆகியிருந்தது. நெயாகவாவில் 10, மெகுரோவில் 18, நோடாவில் 18. குற்றங்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பதை ஒப்புக்கொண்டாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் மிக அதிகமாக நகர்ந்த எண் அரசுத் தரப்பின் எண்தான். போக்கை மாற்றும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று 2014 தீர்ப்பு சொன்னது. ஆனால் எந்த உயரம் வரை மாற்றலாம் என்பதை இன்றும் விசாரணையின் முடிவில் எழுந்து நின்று ஓர் எண்ணைச் சொல்லும் அரசு வழக்கறிஞரே தீர்மானிக்கிறார்.